18 வருட மழைக் கணக்கு

ஒரு காட்டுக்கு வரவு செலவுக் கணக்கு எழுத முடியுமா? மழையோடு வந்து சேரும் உப்புகள் வரவு, ஓடையோடு வெளியேறுபவை செலவு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில், ஜீன் லைக்கன்ஸும் அவருடைய சகாக்களும் 1963இல் அதைத்தான் தொடங்கினார்கள். வரவுப் பக்கத்திலேயே கணக்கு இடித்தது. மழைநீரின் பி.எச். சுமார் 3.7.

சுத்தமான மழைக்கும் லேசான புளிப்பு உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பி.எச். 5.6 வாக்கில் இருக்கும். பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். அப்படியானால் இந்தக் காட்டில் பெய்தது ஏறக்குறைய 80 மடங்கு அமிலம். அதுவும் ஆலைகளை விட்டு விலகிய மலைக்காட்டில்!

அமில மழை என்ற பெயர் பழசுதான். மான்செஸ்டர் புகையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872இலேயே அதைத் தன் நூலில் எழுதிவிட்டார். ஆனால் அவருக்குப் புகைபோக்கிகள் கண்ணெதிரே நின்றன. லைக்கன்ஸ் தேடிப்போக வேண்டியிருந்தது. 1969இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர் அந்தப் பக்கத்து மழையையும் பிடித்துப் பார்த்தார். அங்கும் அதே புளிப்பு. மழைநீரில் இருந்த சல்பேட் நிலக்கரிப் புகையைக் காட்டிக்கொடுத்தது. காற்று வந்த வழியோ மேற்கே ஒஹையோ பள்ளத்தாக்கின் அனல்மின் நிலையங்கள் பக்கம் கைகாட்டியது. உள்ளூர்க்காரர்களுக்கு மூச்சுமுட்டக் கூடாது என்று புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். புகை அடுத்த மாநிலத்துக்குப் போய் இறங்கியது.

சந்தேகம் சரி, நிரூபிப்பது எப்படி? எந்தத் துளி எந்த ஆலையுடையது என்று துளியில் எழுதியிருக்காது. புகையின் அளவையும் மழையின் அமிலத்தையும் வருடக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். நாலு வருடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அமிலம் ஏறுவதுபோல் தெரியும். அடுத்த நாலு வருடத்தில் இறங்குவதுபோல் தெரியும். ஹப்பர்ட் புரூக்கில் அமிலம் குறைகிறது என்று நம்பிக்கையோடு சொல்ல 18 வருடப் பதிவுகள் தேவைப்பட்டன. மூன்று வருட நிதியோடு மூட்டை கட்டும் ஆய்வுகளுக்கு இது கசப்பான சேதிதான்.

1978இல் அமெரிக்காவில் மழைநீரைத் தொடர்ந்து அளக்கவென்றே ஒரு கண்காணிப்பு வலையமைப்பு உருவானது. அதன் மழைசேகரிப்பானில் முதல் துளி பட்டதும் மூடி தானாக விலகும். மழை நின்றதும் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் தூசி விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

1990இல் அமெரிக்காவின் காற்று மாசுச் சட்டம் திருத்தப்பட்டு, மின்நிலையப் புகைபோக்கிகளிலேயே அளவுக்கருவிகள் ஏறின. 1970ஓடு ஒப்பிட்டால், அந்நாட்டில் வெளியேறும், அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடு இன்று 10இல் 1 பங்குகூட இல்லை. ஹப்பர்ட் புரூக் மழையின் பி.எச். 5ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பழைய அமிலம் அரித்துக்கொண்டு போன கால்சியம் மண்ணுக்குத் திரும்பவில்லை. 1999இல் அந்தக் காட்டின் ஒரு பகுதிக்கு ஹெலிகாப்டரில் இருந்து கால்சியம் தாதுவைத் தூவிப் பார்த்தார்கள்.