ஃபாரடேயின் முகமும் முட்டையின் வெள்ளைக்கருவும்

மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கையில் ஒரு சிறு கட்டையை வைத்திருப்பார். பார்த்ததும் காந்தம் என்றுதான் தோன்றும்; உண்மையில் அது கண்ணாடி. ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தத்தால் திருப்ப முடியும் என்று 1845-இல் அவர் காட்டியது அந்த வகைக் கண்ணாடியை வைத்துத்தான். லண்டனின் மால் அண்ட் பாலிபிளாங்க் ஸ்டுடியோ 1857 வாக்கில் எடுத்த போட்டோவைப் பார்த்துச் செதுக்கிய படம் அது.

அந்தக் காலத்து போட்டோ எப்படி உருவானது? ஆப்பம் சுடத் தெரிந்தவருக்குப் பாதி புரிந்த மாதிரிதான்.

சட்டியில் மாவை ஊற்றி, காதுகளைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுழற்றுகிறோம் அல்லவா? 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறையிலும் முதல் வேலை அதுதான். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலை வழியே புட்டிக்குள் வடிப்பார்கள். கை தயங்கினால் வரி விழும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்தால், படலத்துக்குள் ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பு உண்டாகிவிடும்.

இனி பாகு காய்ச்சும் அவசரம்தான். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, டெவலப் செய்தாக வேண்டும். பதம் தப்பினால் தகடு வீண். உட்கார்ந்திருப்பவர் சில விநாடிகள் அசையக் கூடாது. பல ஸ்டுடியோக்களில் பின்னந்தலைக்கு இரும்புத் தாங்கி வைத்தார்கள்.

இந்தப் படலத்துக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் முகத்தின் செம்மை கறுத்து விழும், சுருக்கங்கள் ஆழமாகும். அந்தப் படங்களைப் பார்த்து இவர்களெல்லாம் சிடுமூஞ்சிகள் என்று நினைப்பது அநியாயம். ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைத்தொடரை 19 முறை நடத்திய மனிதர் ஃபாரடே!

ஒளிபடாத உப்பு தகட்டில் தங்கினால் பின்னால் அதுவும் கறுக்கும். அரிசி களைவதுபோல் அதை ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசலால் களைந்தார்கள். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று கண்டவர் ஜான் ஹெர்ஷல்.

தகட்டில் இருப்பது நெகட்டிவ். அதைக் காகிதத்துக்கு மாற்றத்தான் முட்டை. வெள்ளைக்கருவை உப்புச் சேர்த்து நுரைக்க அடித்து, தெளியவிட்டு, அதன்மேல் தாளை மிதக்கவிட்டுக் காயவைப்பார்கள். சுடும் முன் பன்னுக்கு முட்டை பூசினால் பளபளப்பு வருகிறதே, அதே பளபளப்புத்தான். வெறுந்தாளில் படம் நாருக்குள் இறங்கி மங்கும். வெள்ளைக்கரு அதை மேலேயே நிறுத்திவைக்கும். பிறகு வெள்ளி நைட்ரேட் ஏற்றி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் முகம் மெல்லத் தெரியும். தங்கக் கரைசலில் நனைத்து நிறத்தை மெருகேற்றி, மறுபடி ஹைப்போ, மறுபடி தண்ணீர்.

ஆண்டுகள் போகப்போக அந்த வெள்ளைக்கருவே பழுக்கிறது. பழைய பிரதிகளில் சட்டைக் காலரிலும் நரைத்த முடியிலும் படிந்திருக்கும் மஞ்சள் அதுதான்.