வாங்கிய படம் யாருக்குச் சொந்தம்?



மத்ரஸா விட்டுப் பிள்ளைகள் போன பிறகு ஒரு நாள், ஒரு சகோதரி தன் மூத்த மகனுடன் வந்து நின்றார். அவருடைய இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கையிலிருந்த பையில் முப்பது, நாற்பது இறுவட்டுக்களும் மர்ஹூமான கணவர் பாவித்த கைத்தொலைபேசியும் இருந்தன.

"ஹஸ்ரத், பிள்ளைகள்ட வாப்பா சவூதியிலிருந்து லீவுக்கு வாறநேரமெல்லாம் இந்த டிஸ்க்குகளைக் கொண்டுவருவார். பிறகு போனிலேயே காசு கட்டிப் பிள்ளைகளுக்குப் படம் வாங்கினார். நபிமார் வரலாறு, மிருகங்கள், கடல் என்று நிறைய இருக்கு. இப்ப அந்தக் கணக்கைத் திறக்க ஏலாம இருக்கு. அவர் உழைச்ச காசு ஹஸ்ரத். அதில பிள்ளைகளுக்குப் பங்கில்லையா?"

பல வருடங்களாக நான் வாரிசுரிமைப் பாடம் நடத்துகிறேன். காணி, வீடு, நகை, கடை என்றால் உடனே பிரித்துச் சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு இரண்டு நாள் தவணை கேட்டேன்.

விற்பனையா, அனுமதியா?

ஒரு பொருளை வாங்கினால் அது நம் 'மில்க்' ஆகிறது. அதைப் பாவிக்கலாம், இரவல் கொடுக்கலாம், அன்பளிப்புச் செய்யலாம், விற்கலாம். நாம் மவ்த்தானால் அது வாரிசுகளைச் சேரும். கடையில் வாங்கிய அசல் இறுவட்டு இவ்வகையைச் சேர்ந்தது.

இணையத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பெறும் படம் பெரும்பாலும் அப்படியல்ல. நாம் வாசிக்காமலே 'சம்மதம்' கொடுக்கும் நிபந்தனைகளில், இது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே, பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது என்று எழுதியிருக்கும். தரவிறக்கம் செய்து கையில் வைத்திருந்தாலும் கோப்புக்கு ஒரு மின்னியல் பூட்டு உண்டு. அதன் திறப்பு நிறுவனத்திடமே இருக்கிறது. கணக்கு மூடப்பட்டால் படமும் மூடப்படும்.

ஒப்பந்தங்களில் சொல்லை விடக் கருத்தே கவனிக்கப்படும் என்பது உஸ்மானியர் காலச் சட்டத் தொகுப்பான 'மஜல்லா'வின் 3ஆம் பிரிவு. அந்தக் கண்ணால் பார்த்தால், பொத்தானில் 'வாங்கு' என்றிருந்தாலும் நடப்பது விற்பனையல்ல. மாதச் சந்தா கட்டிப் பார்ப்பதாவது வாடகை என்று எல்லோருக்கும் விளங்குகிறது. இதுவோ விற்பனையின் உடுப்பை உடுத்திய அனுமதி. ஆகவேதான் ஏமாற்றம் பெரிதாகிறது.

நடந்த சம்பவங்கள்

2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தூரத்திலிருந்தே அழித்தது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இருக்கவில்லை என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசொஃப்ட் தனது மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் போயின. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. 2023இன் கடைசியில் சோனி நிறுவனம், தன்னிடம் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களுக்கு அவை டிசம்பர் 31ஆந் திகதி நீக்கப்படும் என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு அத்தீர்மானம் கைவிடப்பட்டது.

இத்தகைய முறைப்பாடுகளின் பின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் அங்கே, அனுமதி மட்டும் கொடுப்பவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பாவிக்க முடியாது. விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று நம் மார்க்கம் கற்றுத் தந்தது நினைவுக்கு வரவில்லையா?

இறுவட்டும் குறையற்றதல்ல

அப்படியானால் இறுவட்டே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அந்தச் சகோதரியின் பையிலிருந்த சில தட்டுக்கள் இங்குள்ள கருவியில் ஓடவில்லை. டிவிடி இறுவட்டுக்களை உலகில் வலயம் பிரித்து வெளியிட்டார்கள். சவூதி 2ஆம் வலயம், இலங்கை 5ஆம் வலயம். எல்லா வலயமும் ஓடும் கருவி இருந்தால்தான் அங்கு வாங்கியது இங்கு ஓடும்.

கலியாண வீட்டு இறுவட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டில் தகவல் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். ஸ்டூடியோவில் கணினியில் பதிந்த தட்டில் அது ஒரு சாயப் படையில் இருக்கிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். உங்கள் நிக்காஹ் நிகழ்வு அப்படியொரு தட்டில் இருந்தால் இந்த மாதமே அதை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். தட்டை ஓரத்தில் பிடியுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடையுங்கள்.

பையில் இன்னொரு வகையும் இருந்தது: நடைபாதையில் வாங்கிய திருட்டுப் பிரதிகள். கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி, ஆக்கியோனின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத் தடுக்கிறது. நிறுவனம் நம்மை ஏமாற்றக் கூடாது என்று கேட்கும் நாம், பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வது நியாயமாகுமா?

படம் பார்ப்பது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே போகவில்லை. பார்க்க அனுமதிக்கும் வீட்டில் ஒரு தாய்க்கு ஒன்று சொல்வேன். இறுவட்டு முடிந்தால் திரை நின்றுவிடும். இணையத்திலோ அடுத்தது தானாக ஓடும். அடுத்தது எது என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை.

நான் சொன்ன பதில்

மூன்றாம் நாள் அச்சகோதரி வந்தபோது இப்படிச் சொன்னேன்:

"தங்கச்சி, அசல் இறுவட்டுக்கள் அவருடைய சொத்து. பெறுமதி சிறிதென்றாலும் ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத் போக மிஞ்சியதில் சேரும். பிள்ளைகள் இருப்பதால் உங்களுக்கு எட்டில் ஒன்று. திருட்டுப் பிரதிகளை விற்கவும் வேண்டாம், பங்கு வைக்கவும் வேண்டாம். போனிலுள்ள படங்கள், அவர் ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி, அவர் ஹயாத்தோடு இருக்கும்வரை அவருக்குக் கிடைத்த அனுமதி. அது வாரிசுகளுக்கு வராது என்றே எனக்கு விளங்குகிறது. அல்லாஹு அஃலம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "படம் போனால் போகட்டும் ஹஸ்ரத். அவர் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டின வீடியோவும் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அது அவர் தானே எடுத்தது. எந்த நிறுவனத்தினதும் படமல்ல. அதற்கு வழி தேடலாம் என்றேன். அவருடைய மகன் மரணச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்.

சகோதரிகளே, இந்தச் சிரமம் உங்களுக்கு வராமலிருக்க இன்று ஒரு காரியம் செய்யலாம். கூகிளில் 2013 முதலும், அப்பிளில் 2021 முதலும், நமக்குப் பின் நம் கணக்கைப் பார்க்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்க வழியிருக்கிறது. அப்பிளில் வாங்கிய படமும் பாட்டும் நூலும் அவருக்குக் கிடைக்காது. நாம் எடுத்த புகைப்படங்களும் வீடியோக்களும் கிடைக்கும். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் கணவருடன் அமர்ந்து, இருவரும் ஒருவரையொருவர் நியமித்துக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்குமாறு ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கொப்பியிலேயே இதையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

மர்ஹூமின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர் ஓதிய குரலை அவருடைய பிள்ளைகள் மீண்டும் கேட்க வழி செய்வானாக. ஆமீன்.