சுவரும் கதை சொல்லும்: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கற்பனைத் தெரு

புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ்தான். பின்னால் நின்று திட்டும் பெற்றோர், அடுத்த முறை விளையாட்டை விட்டுவிட்டு அதில் வரும் தெருவைக் கவனித்துப் பார்க்கவும். அந்த ஊர் உலகில் எங்கும் இல்லை. ஆனாலும் அதன் சுவர், சந்து, விளக்குக் கம்பம் என ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். இதை உலக வடிவமைப்பு என்கிறார்கள். இதன் ஒரு சிறிய பகுதியை நீங்களும் செய்து பார்க்கலாம். திருப்பூர்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இல்லாத ஊரை நம்ப வைக்க இரண்டு கலைகளைக் கலப்பது உண்டு. ஒன்று எக்ஸ்பிரஷனிசம். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல், மனதுக்குத் தெரிவதை வரையும் முறை இது. பயந்தவன் பார்க்கும் தெரு கோணலாக இருக்கும். வானம் பச்சையாகக் கூட இருக்கலாம். 1905ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சில இளைஞர்கள் கூடி இந்த பாணியில் வரையத் தொடங்கினார்கள். 1920ல் வெளியான 'டாக்டர் காலிகரி' என்ற ஜெர்மன் மவுனப் படம் இதைத் திரைக்குக் கொண்டு வந்தது. அதில் ஜன்னல்கள் சாய்ந்திருக்கும். வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுவது போல நிற்கும். நிழலைக் கூட விளக்கு போட்டு உண்டாக்காமல் செட்டின் மீது பெயின்ட்டால் வரைந்தார்கள்.

இன்னொன்று தெருச் சுவர் ஓவியம். அது நமக்குப் புதிதல்ல. தேர்தல் வருவதற்கு முன்பே கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து, ஆண்டு போட்டு, சுவரைப் பிடித்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2014ல் வந்த பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படத்தில் அப்படி ஒரு சுவர்தான் கதையின் மையம். தலைவர் ஒருவரின் முகம் வரைந்த அந்தச் சுவருக்காக வடசென்னைக் குடியிருப்பு ஒன்றில் இரு தரப்பு மோதிக் கொள்கிறது. சுவரை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. நிஜ வாழ்வில் சென்னை கண்ணகி நகரைச் சொல்லலாம். நகரின் பல பகுதிகளில் இருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. 2020ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையச் செய்தன.

இரண்டும் கலந்த கேம் வேண்டுமானால் 2019ல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' நல்ல உதாரணம். (பெரியவர்களுக்கான கேம், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.) எஸ்டோனியாவில் தொடங்கிய குழு செய்தது. ஓவியர் அலெக்சாண்டர் ராஸ்டாவ் முகங்களையும் தெருக்களையும் எண்ணெய் ஓவியம் போல, தூரிகைத் தடம் தெரிய அமைத்தார். சுவரில் எழுதித் திரியும் ஒரு பெண்ணும் அதில் பாத்திரமாக வருகிறாள்.

திருப்பூர்ச் சுவர் என்ன சொல்கிறது?

இந்த வேலையில் இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, நியூயார்க் ரயில் பெட்டியில் பார்த்த ஆங்கிலக் கிறுக்கலை நம் ஊர்ச் சுவரில் ஒட்டுவது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது. நம் பனியன் கம்பெனி கேட்டைப் பாருங்கள். 'டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை' என்ற எழுத்துதான் இந்த ஊரின் தெருக்கலை. இப்போது இந்தியிலும் எழுதுகிறார்கள்.

ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் டைலர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவர் கண்ணில் அந்த எழுத்துகள் கதவை விடப் பெரிதாக இருக்கட்டும். சுவர் அவர் மேல் சாயட்டும். அதே சுவரை, நேற்று ரயிலில் வந்து இறங்கி வேலை தேடும் ஒடிசா இளைஞர் பார்க்கிறார். தமிழ் எழுத்து அவருக்கு வெறும் வளைவும் சுழியும்தான். 'தேவை' என்ற சொல் அவருக்காகவே எழுதப்பட்டது. ஆனால் அவரால் படிக்க முடியாது. ஒரே சுவர், இரண்டு படங்கள். உலக வடிவமைப்பு என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மற்றதெல்லாம் புரோகிராம் வேலை.

செய்வது எப்படி?

ஜிம்ப் என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிப் பதிந்து கொள்ளவும். இதில் முக்கியமானது லேயர். புதியவர்கள் குழம்புவதும் இங்குதான். ஆனால் பிரின்டிங் பட்டறையைப் பார்த்த திருப்பூர்க்காரர் குழம்ப மாட்டார். டி சர்ட்டில் நான்கு கலர் டிசைன் என்றால் நான்கு ஸ்கிரீன். ஒவ்வொரு கலரும் தனியாக, ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கும். லேயரும் அதுவே. ஒன்றை மாற்றினால் மற்றது கெடாது.

மொபைலில் வெற்றுச் சுவர் ஒன்றைப் படம் எடுத்து ஜிம்ப்பில் திறக்கவும். எழுத்தை வெள்ளைத்தாளில் கறுப்பு மார்க்கரால் நீங்களே எழுதி, அதையும் படம் எடுக்கவும். கம்ப்யூட்டர் எழுத்துரு வேண்டாம். கை நடுங்கிய எழுத்துதான் சுவரில் பொருந்தும். பைல் மெனுவில் 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' கொடுத்தால் அது சுவரின் மேல் தனி லேயராக அமரும். லேயர் மோடை 'மல்டிப்ளை' என மாற்றவும். தாளின் வெள்ளை மறைந்து, கறுப்பு எழுத்து மட்டும் சுவரில் ஊறியது போல நிற்கும். தாள் மங்கலாகத் தெரிந்தால் கலர்ஸ் மெனுவில் 'திரெஷோல்ட்' கொடுத்து எழுத்தைச் சுத்தம் செய்யவும். சுவர் கறுப்பாக இருந்தால் மல்டிப்ளை உதவாது.

அடுத்து, ஷிப்ட் + பி அழுத்தி, பெர்ஸ்பெக்டிவ் டூலால் சுவரின் மூலைகளை இழுத்துச் சாய்க்கவும். எழுத்து லேயரையும் அதே அளவு சாய்க்கவும். நிழலுக்குப் புதிய லேயர். விளக்கு எந்தப் பக்கம் என்று கவலைப்படாமல், காலிகரி படத்தில் செய்தது போல உங்கள் டைலரின் களைப்புக்கு ஏற்ற பக்கம் வரையவும். கலர்ஸ் மெனுவில் 'போஸ்டரைஸ்' என்ற வசதி நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். போட்டோ, ஓவியம் போல மாறும். எல்லாவற்றையும் கோணலாக்கிவிட வேண்டாம். ஒரு டீக்கடை பெஞ்சாவது நேராக இருந்தால்தான் மற்றது கோணல் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் செய்த தெருவை ஜேபெக் பைலாக மட்டும் வைத்துக் கொண்டு ஜிம்ப்பை மூடிவிட்டேன். சேமிக்கவில்லை என்று அது எச்சரித்ததையும் படிக்காமல் தட்டிவிட்டேன். மறுநாள் திறந்தால் எல்லா லேயரும் ஒரே படமாக ஒட்டிக் கிடந்தன. மூன்று மாலை வேலை போயிற்று. ஸ்கிரீனை எல்லாம் கழுவிவிட்டு, அச்சடித்த ஒரு பீஸை மட்டும் கையில் வைத்திருப்பது போலத்தான். எனவே 'சேவ்' கொடுத்து எக்ஸ்.சி.எப். பைலாக ஒன்றைப் பத்திரமாக வைக்கவும். நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் 'எக்ஸ்போர்ட் அஸ்' மூலம் பி.என்.ஜி. பைல் தயாரிக்கவும். அந்த எக்ஸ்.சி.எப். பைல் இருந்தால் ஒடிசா இளைஞரின் தெருவை முதலில் இருந்து வரைய வேண்டியதில்லை. எழுத்து லேயரையும் நிழல் லேயரையும் மாற்றினால் போதும்.