பழைய ராகி விதையைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களில் மழையை நம்பி விதைக்கிற பயிர் ராகி. அந்தச் சின்ன விதைக்குள் எவ்வளவு பெரிய சேமிப்பு இருக்கு தெரியுமா?

நல்ல கருதாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது நம் பாட்டி காலத்துப் பழக்கம். விஞ்ஞானிகள் இதைத்தான் ‘தேர்வு’ என்கிறார்கள். ஆனால் செடிக்குச் செடி மரபில் வித்தியாசம் இருக்கும்வரைதான் தேர்வு பலன் தரும். ராகி தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். ஒரே செடியின் வழியில் பல தலைமுறை விதை எடுத்தால், வயல் முழுக்க ஒரே அச்சாகிவிடும். அதற்குமேல் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. ஒரு செடியை வீழ்த்தும் நோய் மொத்த வயலையும் வீழ்த்திவிடலாம்.

ஆப்பிரிக்காவில் கிடைத்த விடை

ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. கர்நாடகத்தின் மண்டியாவில் பணியாற்றிய விஞ்ஞானி லட்சுமணய்யா, நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்தார். ராகிப் பூ மிகச் சிறியது என்பதால் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்படி வந்தவைதான் ‘இண்டாஃப்’ ரகங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன.

பின்னர் இண்டாஃப் வழியில், குலை நோயைத் தாங்கும் ஆப்பிரிக்க ராகி ஒன்றையும் சேர்த்து ஜி.பி.யு. 28 உருவானது. நம் மாவட்டத்திலேயே, காவேரிப்பட்டினம் அருகே உள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் ராகி ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

யாரோ எங்கோ பாதுகாத்த பழைய விதைதான் குலை நோய்க்கு விடை கொடுத்தது. நாளைக்கு வரும் வறட்சிக்கோ புது நோய்க்கோ விடை உங்கள் வீட்டு விதையிலும் இருக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உழவன் செயலியில் விதை இருப்பைப் பார்த்துவிட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்க. சான்று விதை மூட்டையில் நீல அட்டை இருக்கணும்.

• புது ரகம் போட்டாலும், ஒரு ஓரத்தில் நாட்டு ராகியையும் விதையுங்க. அதன் விதையைத் தனியாக எடுத்து வையுங்க.

• 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி விதையைச் சேமிக்கலாம், மீண்டும் விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு விதையாக விற்க மட்டும் அனுமதியில்லை.

• உங்கள் ஊர் பாரம்பரிய ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யவும் வழி உண்டு. பதிவுக் கட்டணம் கிடையாது.