தடித்த ஒயில்தான் நல்ல ஒயிலா?

வாகரையிலிருந்து மீன் ஏற்றி வரும் வான்காரர்களிடமும், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கம் ஹயர் ஓடும் ஓட்டோச் சகோதரர்களிடமும் ஓர் எண்ணம் உண்டு: "நம்மட வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் சரி." வாகனத்தையே முதலாக வைத்து உழைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஒயில் கேனில் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 0டபிள்யூ-20 என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும். முதல் இலக்கம், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. இலக்கம் குறைந்தால் ஓட்டம் இலகு. இரண்டாவது இலக்கம், 100 பாகை செல்சியஸில், அதாவது எஞ்சின் சூடேறிய நிலையில், ஒயிலின் தடிப்பைக் குறிக்கிறது.

விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான எமது கரையோரத்தில் இரண்டாவது இலக்கமே முக்கியம். அதற்காக வெயிலைப் பார்த்து அதைக் கூட்டத் தேவையில்லை. எஞ்சினின் சூட்டை ஜப்பானிலும் வாகரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கவே தேர்மோஸ்டட்டும் ரேடியேட்டரும் இருக்கின்றன.

தடிப்பைத் தீர்மானிப்பது எஞ்சினின் அமைப்பே. டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் பாகங்களுக்கிடையிலான இடைவெளி மிகக் குறைவு. 0டபிள்யூ-20 அவற்றுக்கு உரியது. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒயில் தாமதித்தே போய்ச் சேரும், பெற்றோலும் வீணாகும். பழைய டீசல் வான், லொறிகளுக்குப் பொதுவாக 15டபிள்யூ-40 பொருந்தும். அவற்றில் 0டபிள்யூ-20 ஊற்றினால் ஒயில் படலம் தாங்காது, பெயாரிங் தேயும். கேனில் டீசலுக்குரியது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

4 ஸ்ட்ரோக் பஜாஜ் ஓட்டோவுக்கு 20டபிள்யூ-50 வழமையானது. ஆனால் அதன் கிளட்ச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய ஒயிலையே கேட்டு வாங்குங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் ஒயில் இலக்கத்தை எவரும் வாசிக்கலாம். சில கார்களில் ஒயில் மூடியிலேயே பொறித்திருப்பார்கள். எஞ்சின் பழையதாகி ஒயில் குறைந்துகொண்டே போனால், முதலில் கசிவைப் பாருங்கள். அதன் பிறகும் மாற்ற நினைத்தால், கையேடு அனுமதிக்கும் இலக்கங்களுக்குள் ஒரு படி கூட்டினால் போதும்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே பீப்பாயிலிருந்து எல்லா வாகனத்துக்கும் ஊற்றுவது இலகுதான். ஆனால் எம்மிடம் ஒப்படைக்கப்படும் வாகனம் ஓர் அமானிதம். அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது. இலக்கத்தைப் பார்த்து ஊற்ற ஒரு நிமிடம் போதும். எஞ்சினை இறக்கினால் செலவு பல்லாயிரம். அத்தனை நாள் உழைப்பும் நின்றுவிடும்.