காற்று உண்டு, தீவு உண்டு, பாய் எங்கே?

1938 ஆகஸ்ட் முதலாம் திகதி. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் மீன்பிடிக்குப் பேர்போன குளோஸ்டர் துறைமுகத்துக்குள் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நுழைந்தது. ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்பது அப்போது அதன் பெயர். கொழும்பை விட்டுப் புறப்படுவதற்கு முன் அதன் பெயர் அன்னபூரணி. 1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரப் பலகை கொண்டு 89 அடி நீளத்தில் கட்டிய கப்பல் அது. அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன். 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகத்தையே சுற்றி வந்த மனிதர். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். ஏடன், சுயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களோ தண்டையல், அதாவது கப்பல் தலைவர், தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர் மாலுமிகளும்தான்.

உல்லாசத்துக்குப் பாய் விரிக்கும் ஒருவர், யாழ்ப்பாணத்துக் கைவேலையைப் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிப் போன காலம் அது. இன்றோ கதை தலைகீழ். கையில் காசும் பத்து நாள் விடுமுறையும் உள்ள ஒருவர் ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் பாய்ப்படகில் போக விரும்பினால் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. பாய்ப்படகை வாடகைக்கு விடும் தொழில் யாழ்ப்பாணத் தீவகத்தில் இன்னும் வேர்பிடிக்கவில்லை.

வெளியுலகில் இது பழைய வியாபாரம். கரீபியன் கடலில் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில், டோர்டோலா என்ற தீவில், 1969இல் ஆறு படகுகளோடு ‘த மூரிங்ஸ்’ என்ற நிறுவனம் தொடங்கியது. ஓட்டத் தெரிந்தவர் படகை மட்டும் எடுத்துக்கொண்டு தாமே சுக்கான் பிடிக்கலாம். தெரியாதவர் தண்டையலையும் சமையல்காரரையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். கிழமைக் கணக்கில் வாடகை. அங்கே அந்தத் தொழில் தழைத்ததற்குக் காரணம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அடுத்த தீவு தெரிவதும், ஒரே திசையிலிருந்து ஒழுங்காக வீசும் காற்றும், மாலையில் நங்கூரம் போட மறைவான இடங்கள் இருப்பதும்தான்.

இப்போது தீவகத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து மேற்கே போனால் எழுவைதீவு. அங்கிருந்து தென்மேற்கே அனலைதீவு. தெற்கே இறங்கினால் நயினாதீவு. பிறகு தென்மேற்கே கொஞ்சம் திறந்த கடலைத் தாண்டினால் நெடுந்தீவு. எல்லாம் கூட்டினாலும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்ததன் பனைகள் தெரியும். நிதானமான பாய்ப்படகுக்கு மொத்தமும் நாலைந்து மணித்தியால ஓட்டம். அதை நாலு நாளாக நீட்டினால் அதுதான் விடுமுறை.

புறப்படும் இடமும் சாதாரணமானதல்ல. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருக்குள் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்ட, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டது. ஹம்மன்ஹீல் என்ற அந்தக் கோட்டை பிற்காலத்தில் சிறையாக இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் விடுதி. அதே நீரிணையை ஊர் ஆட்கள் ‘பாதை’ என்னும் மிதவையில், சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாகக் கடக்கிறார்கள். ஒரு காலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறை இது என்று இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்?

ஆனால் கரீபியனை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது. முதல் தடை ஆழம். தீவுகளுக்கு உட்பக்கம் கிடப்பது பரவைக்கடல். பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். பெரிய பாய்ப்படகுகளின் அடியில் இருக்கும் கனத்த துடுப்புப் போன்ற பகுதிக்கே ஏறக்குறைய இரண்டு மீற்றர் தண்ணீர் வேண்டும். போதாக்குறைக்குப் பண்ணை, புங்குடுதீவு, பொன்னாலைத் தாம்போதிகள் உயரப் பாய்மரத்தை உள்ளே விடா. ஆகவே வெளிப்பக்க வழி ஒன்றே கதி. அதற்கும் அடி தட்டையான இரட்டை உடல் படகுகளே தோது.

அடுத்தது களங்கண்டி. பண்ணை வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: தண்ணீருக்குள் வரிசை வரிசையாக நட்ட மெல்லிய தடிகள், அவற்றில் கட்டிய வலை. மீன் அந்த வேலியோரமாகவே நீந்திப்போய்க் கடைசியில் வட்டமான கூட்டுக்குள் விழும். பகலில் அழகு. இரவில் விளக்கும் இல்லை, மணியும் இல்லை. வரைபடத்திலும் இருக்காது, ஏனென்றால் தடிகள் இடம் மாறும். அந்தந்தத் துறையின் கடற்றொழிலாளிக்கு மட்டும் எது யாருடையது, எந்த இடைவெளியால் படகு போகலாம் என்று தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் ஒரு வலையைக் கிழித்துவிட்டால் போவது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. தானே ஓட்டும் வாடகை முறை இங்கே சரிவராது என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். படகோடு ஊர்த் தண்டையலும் ஏற வேண்டும்.

காற்றும் கணக்குப் பார்க்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம். நெடுந்தீவின் மேற்குக்கரை முழுக்க நுரை தள்ளும் காலம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனியில் இந்தக் காற்றுக்குள்தான் வருகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வந்து இறங்குவதும் இதே மாதங்களில்தான். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் மழையும் புயல் பயமும். ஆகவே தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரைக்கும்தான் பாய்க்குப் பதமான நாட்கள். அடங்கிவரும் வாடையைப் பின்னால் வாங்கிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போவது சுகம். திரும்புவதுதான் பாடு, காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து வர வேண்டும்.

நெடுந்தீவில் இறங்கினால் பார்க்க ஒரு நாள் போதாது. முருகைக்கல்லை அடுக்கிய மதில்கள், ஒல்லாந்தர் கால மட்டக்குதிரைகளின் வழிவந்தவை, ஆள் புகுந்து நிற்கக்கூடிய பொந்தோடு பெருக்கமரம். ஆனால் படகுத் தொட்டியை நிரப்ப நல்ல தண்ணீர் கேட்டால் ஊரார் யோசிப்பார்கள். சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பியே பெரும்பகுதி வாழ்ந்த தீவு அது. குளியலறையோடு வரும் உல்லாசப் படகு தன் தண்ணீரைத் தானே கொண்டுவர வேண்டும், அது மரியாதையும்கூட.

இத்தனையும் இருந்தும் கடலில் பாய் காணாமல் போனது ஏன்? போர்க்காலத்தில் இந்தக் கடல் பூட்டிக் கிடந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகு பின்னரும் அதே வழியில் ஓடியது. ஏறியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2009க்குப் பிறகு கடல் மெல்லத் திறந்தது. புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் கடற்படை ஓட்டிய வடதாரகையும், 2017இல் வந்த நெடுந்தாரகையும், தனியார் படகுகளும் ஆட்களை ஏற்றின. எல்லாமே இயந்திரப் படகுகள்.

இன்னொரு சங்கடம், நெடுந்தீவுக்குத் தென்மேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் கச்சதீவு. அதற்கு அப்பால் கிட்டவே 1974 உடன்படிக்கையின்படி இந்திய எல்லைக்கோடு. இழுவைப்படகுச் சண்டையும் கைதுகளும் ஓயாத கடல் அது. இரவில் காற்று இழுத்துப்போன ஓர் உல்லாசப் படகை ராடாரில் பார்க்கும் கடற்படையினர் அதை விடுமுறைக்காரர் என்று எடுத்த எடுப்பில் நம்புவார்களா? உலகம் சுற்றும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகளும் வழமையாகக் காலியிலோ திருகோணமலையிலோ நங்கூரம் போட்டுவிட்டு மேலே போய்விடுகின்றன.

ஆகவே குறை காற்றிலும் இல்லை, ஆளிலும் இல்லை. எங்கே போகலாம், எங்கே கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும், ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்ற சட்டம் ஒரு தாளில் தெளிவாக இல்லாததே குறை. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீவகத்துக்கு அப்படி ஒரு சட்டம் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் தமிழில். நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. வெளிநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. வருகிறவனுக்குப் புறப்படும் முன்பே தன் நட்டம் எவ்வளவு என்று தெரிந்திருக்கும். இன்றைய காப்புறுதிக்காரர்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

சில படகுகள், உள்ளூர் ஓட்டிகளுக்கு உரிமம், கடற்படைக்கு முன்கூட்டியே கொடுக்கும் பயணப் பட்டியல், களங்கண்டிக்காரர் சங்கங்களோடு ஓர் உடன்பாடு. தொடக்கத்துக்கு இது போதும். கண்ணாடி மாளிகைத் துறைமுகம் யாரும் கேட்கவில்லை. வருமானம் கோட்டை விடுதிக்குள் மட்டும் நிற்காமல் துறைகளுக்கும் போனால்தான் ஊரார் கைகொடுப்பார்கள்.

அதுவரைக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறையில் இயந்திரப் படகை நாள் வாடகைக்குப் பேசுவதுதான் வழி. பேசும்போதே எரிபொருளும் காத்திருப்புக் கூலியும் விலைக்குள் அடக்கமா, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்டுவிட வேண்டும். நயினாதீவில் கோயிலுக்குள் போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். சோளக மாதமென்றால் விடியவே வெளிக்கிட்டு, காற்று ஏறும் பிற்பகலுக்கு முன் நெடுந்தீவிலிருந்து திரும்பிவிடுவது நல்லது. திரும்பும் நேரத்தைக் குறிப்பது யார் என்று கேட்டால், படகோட்டிதான். வாடகை கொடுத்தவர் அல்ல.