ஸ்கேன் இன்றைக்கா, ஆறு மாதம் கழித்தா? – திரும்பி வரும் புரோஸ்டேட் புற்றுநோயும் பெட் ஸ்கேனும்

புரோஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுசா எடுத்தாச்சு. ரெண்டு வருஷம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 0.3 என்று வருகிறது. வலி இல்லை, வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அந்த எண் அங்கே இருக்கக் கூடாது. உடனே ஸ்கேன் எடுப்பதா, கொஞ்சம் பொறுப்பதா? இதைப் பற்றிப் படித்ததில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது பெரும்பாலும் புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். சுரப்பியே இல்லையென்றால், ஒன்றிரண்டு மாதத்துக்குள் அது அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏறி, மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, அடுத்த பரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. (கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கும். அவர்களுக்குக் கணக்கு வேறு: இறங்கியதிலேயே மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏற வேண்டும்.)

ரத்தம் நோய் 'இருக்கு' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது. சுரப்பி இருந்த குழியிலா, இடுப்பு நிணநீர் முடிச்சிலா, எலும்பிலா? 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறிய பிறகு வேறு உறுப்புகளில் நோய் கண்ணுக்குத் தெரிய இடைநிலையாக 8 ஆண்டுகள் ஆனது. அன்றைய எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் அவ்வளவு தாமதமாகத்தான் பார்த்தன.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இந்த இடைவெளியைச் சுருக்கியது. புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேல்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் நிறைய இருக்கும். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறோடு கேலியம்-68 போன்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் அது எங்கே சேர்ந்திருக்கிறதோ, அந்த இடம் படத்தில் ஒளிரும். அமெரிக்காவில் இதற்கு 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

ஆனால் எவ்வளவு சின்னதைப் பார்க்க முடியும்? 635 பேரை வைத்து கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது தென்பட்டது. 0.5 முதல் 1 வரை 57 சதவீதம். 1 முதல் 2 வரை 84. 5-ஐத் தாண்டியவர்களுக்கு 97. ஒரு சில மில்லிமீட்டர் கட்டியிலேயே லட்சக்கணக்கில் செல்கள் இருக்கும். அதைவிடச் சிறியது கேமராவுக்குச் சிக்குவது கஷ்டம்.

சரி, அப்போ பி.எஸ்.ஏ. 1 வரும்வரை காத்திருந்து எடுத்தால் என்ன? இங்கேதான் இடிக்கிறது. நோய் இன்னும் இடுப்புக்குள் மட்டும் இருந்தால், அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முழுசா குணப்படுத்த இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதுதான் அதிகம். 0.5 தாண்டுவதற்குள் தொடங்குவது நல்லது என்பது பொதுவான அறிவுரை. ஸ்கேனுக்கு வசதியான நேரமும் சிகிச்சைக்கு வசதியான நேரமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. படம் தெளிவாகட்டும் என்று காத்திருப்பது, நோய் வளரட்டும் என்று காத்திருப்பதுதான்.

அதனால்தான் ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம் தன் வழிகாட்டுதலில், முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் 0.2-ஐத் தாண்டியதுமே பெட் எடுக்கலாம் என்கிறது. கூடவே, படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்கிறது. என்னைக் கேட்டால் நினைவில் வைக்க வேண்டிய வரி இதுதான். ஸ்கேன் சுத்தமாக வந்தால் 'அப்பாடா' என்று வீட்டுக்குப் போகத் தோன்றும். ஆனால் ரத்தத்தில் எண் ஏறிக்கொண்டிருக்கும்போது, வெறும் படத்துக்கு 'இன்னும் சின்னதாக இருக்கிறது' என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

அப்படியானால் எடுத்து என்ன பயன்? கதிர்வீச்சு எங்கே பாய வேண்டும் என்பது தெரியும். 2021-இல் லான்செட்டில் வந்த எம்பயர்-1 சோதனை, ஃப்ளூசிக்ளோவின் என்ற வேறொரு பெட் மருந்தைப் பயன்படுத்தியது. வழக்கமான ஸ்கேன்களை வைத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களில் மூன்று ஆண்டு முடிவில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் 63 சதவீதம். பெட் பார்த்துத் திட்டமிட்டவர்களில் 75.5 சதவீதம். எலும்பில் ஒரு புள்ளி தெரிந்தால் திட்டமே மாறிவிடும்.

ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால் 0.2 என்பது ஆறே மாதத்தில் 0.8. வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால் அதே தூரத்துக்கு ரெண்டு வருஷம். முதலாமவருக்குக் காத்திருக்க நேரமில்லை. இரண்டாமவர் வயதானவராக இருந்தால், எதுவும் செய்யாமல் கண்காணிப்பதே சரியாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், 'ஸ்கேன் எப்போ எடுக்கலாம்?' என்பதோடு மருத்துவரிடம் இன்னும் மூன்று கேளுங்கள். எண் எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது? படத்தில் ஏதாவது தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்? ஒன்றுமே தெரியாவிட்டால் என்ன செய்வோம்? மூன்றாவதற்கான பதிலை ஸ்கேனுக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.